முதிரைத் துண்டோடு மட்டக்களப்புக்கு

யூலை 17, வியாழன்: வவுனியாவிலிருந்து கல்லடி

மட்டக்களப்பில் மரவேலைக் கருவிகளுக்கென்றே ஒரு கண்காட்சி நடக்கப்போகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வவுனியாவில் ஹார்ட்வெயார் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே கருவிகள் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். உறையைப் பிரித்தால் காசைக் கட்ட வேண்டும். மரத்தை இழைக்கும் சீவுளி ஒன்றைக் கையில் எடுத்து, பலகையில் ஓட்டிப் பார்த்து, பிடித்தால் வாங்கு, இல்லாவிட்டால் வைத்துவிட்டுப் போ என்று சொல்லும் கடையை நான் இன்னும் காணவில்லை. கண்காட்சியில் ஓட்டிப் பார்க்க விடுவார்கள் என்றார்கள். அதனால் என் தச்சுப் பட்டறையில் கிடந்த முதிரை மரத் துண்டொன்றைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். ஓரடி நீளம், மூன்று அங்குல அகலம். எனக்கு வரும் வேலையில் பாதி முதிரைதான். வன்னியில் பழைய வீடு இடிக்கும்போது கிடைக்கும் நிலைகள், கதவுகள், வளைகள் எல்லாம் பெரும்பாலும் அந்த மரம். அதைச் சீவாத கருவி எனக்கு எதற்கு?

இன்று ஆடிப்பிறப்பு. நல்ல நாளும் அதுவுமாக வெறுங்கையோடு போகக்கூடாது என்று அம்மா விடியமுன்னரே எழும்பிக் கொழுக்கட்டை அவித்து ஒரு டப்பா நிறையத் தந்துவிட்டார்.

பஸ் ஹபரணை வரை சுகமாக ஓடியது. மின்னேரியா, பொலன்னறுவை, மன்னம்பிட்டிப் பாலம் எல்லாம் கடந்து, வெலிக்கந்தைக்கு முன்னால் பின் டயர் வெடித்தது. மாற்று டயரைக் கழற்றிப் பார்த்தால் அதிலும் காற்றில்லை. நடத்துநர் வழியில் வந்த மோட்டார் சைக்கிளை மறித்து ஏறிப் போனார். நாங்கள் வீதியோரத்து மரத்தடியில் இறங்கி நின்றோம்.

கிழக்கில் இது கச்சான் காற்றுக் காலம். தென்மேற்கிலிருந்து வரும் காற்று தன் ஈரத்தையெல்லாம் மலைநாட்டின் அந்தப் பக்கத்தில் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வெறும் சூடாக இறங்கும். நிழலில் நின்றாலும் தப்ப முடியாது. கொஞ்ச நேரத்திலேயே உதடு காய்ந்து வெடித்துவிட்டது. எதிரே பெட்டிக்கடை வைத்திருந்த சிங்களவர் ஒரு கலன் தண்ணீரும் இரண்டு கோப்பையும் கொண்டுவந்து மரத்தடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். காசு நீட்டியவர்களிடம் கையை மட்டும் அசைத்தார். நான் கொழுக்கட்டை டப்பாவைத் திறந்து நீட்டினேன். ஏறாவூருக்குப் போகும் ஒரு உம்மா ஒன்றை எடுத்துப் பிட்டுப் பேரனுக்கு ஊட்டினார். பிறகு தன் பையிலிருந்து பாலைப்பழம் ஒரு பொட்டலம் எடுத்து என் கையில் வைத்தார். "திண்டுட்டு உதட்டை நல்லாத் துடைங்க மகன், ஒட்டிப் பிடிக்கும்" என்றார். சின்னப் பிள்ளையில் காட்டில் பொறுக்கித் தின்ற பிறகு இப்போதுதான் அந்த இனிப்பு நாக்கில் பட்டது. இவ்வளவு இனிப்பான பழம் தரும் மரம் அறுத்துக் காய்ந்துவிட்டால் ஆணியை உள்ளே விடாது. துறப்பணத்தால் துளைத்த பிறகுதான் ஆணி அடிக்க முடியும்.

டயர் வந்து பஸ் புறப்பட ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேலாகிவிட்டது. இவ்வளவு தூரம் ஓடும் பஸ்ஸில் மாற்று டயரைக் காற்றடித்து வைக்காமல் விட்டது சரியில்லை. நடத்துநரிடம் நேரே சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

மட்டக்களப்பு நகரில் இறங்கி ஓட்டோ பிடித்துக் கல்லடிப் பாலத்தைக் கடந்தபோது வெயில் தணிந்திருந்தது. வாகனங்கள் 2013இல் திறந்த புதிய பாலத்தில் போகின்றன. பக்கத்திலேயே 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலம். அதில் ஆட்கள் வரிசையாகத் தூண்டில் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

பெரியம்மா வாசலிலேயே நின்றார். "என்ன மனே இவ்வளவு நேரம்? கூழ் ஆறிப் போச்சே." ஆடிக்கூழைத் திரும்பச் சூடாக்கித் தந்தார். அதற்கு மேல் பிட்டும் வாவி இறால் குழம்பும். கடைசியில் பிட்டின் மேல் சட்டித் தயிரும் சீனியும் போட்டுப் பிசைந்து இன்னொரு கோப்பை. மட்டக்களப்புத் தயிரைக் கத்தியால் வெட்டி எடுக்கலாம், அவ்வளவு கட்டி. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பார்த்தேன், குசினி யன்னலில் ஒரு கதவு சாத்துப்படாமல் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தது. கச்சான் புழுதி முழுவதும் அந்த இடுக்கால்தான் உள்ளே வருகிறது என்றார் பெரியம்மா.

யூலை 18, வெள்ளி: கண்காட்சி

நகருக்குள் ஒரு மண்டபம், அதை அடுத்த மைதானத்தில் தகரப் பந்தல்கள். நுழைவு 100 ரூபா. மொரட்டுவை, கொழும்பு, கல்முனை, காத்தான்குடி என்று பல ஊர்க்காரர்கள் கடை போட்டிருந்தார்கள். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் ஓடாவிமார், அதாவது தச்சர்கள், என்பது கையைப் பார்த்தாலே தெரிந்தது. மீதிப் பேர் தளபாடக் கடைக்காரர்களும் தொழிற்பயிற்சி மாணவர்களும்.

கூட்டம் முழுவதும் நடுவில் இருந்த, கணினியால் இயங்கும் சீ.என்.சீ. செதுக்கு இயந்திரத்தைச் சுற்றித்தான் நின்றது. மகோகனிக் கதவொன்றில் அது மயில் செதுக்கிக்கொண்டிருந்தது. கணினியில் படம் ஏற்றிவிட்டால் போதும், ரூட்டர் முனை தானாகவே முன்னும் பின்னும் போய்வருகிறது. கையால் செய்தால் ஒரு கிழமை எடுக்கும் வேலை, இங்கே ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும் என்றார்கள். விலை 22 இலட்சம் ரூபா. ஓட்டமாவடிப் பெடியன் ஒருவன் தன் முதலாளிக்கு வீடியோ அழைப்பெடுத்து ஒவ்வொரு பக்கமாகக் காட்டிக்கொண்டிருந்தான். நானும் வெகுநேரம் நின்று பார்த்தேன். தோகையில் ஒவ்வொரு கண்ணும் ஒரே ஆழம். அது அந்த இயந்திரத்தின் பலம். எனக்கு வேண்டிய சாமான் அது இல்லை.

பச்சை நிற மக்கிடா கிரைண்டர்களை ஒரு கடையில் 7,500 ரூபாவுக்குக் குவித்து வைத்திருந்தார்கள். ஒன்றைக் கையில் எடுத்ததுமே சந்தேகம் வந்துவிட்டது. தலைப்பக்கம் இருக்க வேண்டிய பாரம் இல்லை. வயர் மெல்லிசு. தொடரிலக்கம் அடித்த தகடு இல்லை. மக்கிடா 1915இலிருந்து இருக்கும் யப்பான் கொம்பனி, இலக்கம் இல்லாமல் ஒன்றை வெளியே விடாது. விற்றவரிடம் கேட்டபோது, "இது வேற குவாலிட்டி அண்ணே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு நிமிடத்தில் பல்லாயிரம் சுற்றுச் சுற்றும் தட்டு அது. உடைந்தால் முகத்துக்குத்தான் வரும். இப்படிச் சாமானைக் கண்காட்சிக்குள் விடவே கூடாது. வாசலில் இருந்த ஏற்பாட்டாளர்களிடம் போய்ச் சொன்னேன். பார்க்கிறோம் என்றார்கள். மாலைவரை அந்தக் குவியல் அப்படியேதான் இருந்தது.

கல்முனைக்காரர் ஒருவர் யப்பானிலிருந்து வந்த பழைய கருவிகளை மேசை நிறையப் பரப்பியிருந்தார். நல்ல நல்ல சாமான்கள். மின்சாரக் கருவிகள் எல்லாம் அங்கத்தைய 100 வோல்ட்டுக்குச் செய்தவை. நம்முடைய 230 வோல்ட்டில் நேரே செருகினால் புகைதான் வரும், ட்ரான்ஸ்போமர் வேண்டும். அதை அவர் மறைக்காமல் ஒவ்வொன்றிலும் சிவப்பு மையால் எழுதி ஒட்டியிருந்தார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. அவரிடம் யப்பான் இழுவை வாள்களும் இருந்தன. நாம் பாவிக்கும் கைவாள் தள்ளும்போது அறுக்கும், அதனால் தகடு வளையாத அளவுக்குத் தடிப்பாக இருக்க வேண்டும். யப்பான் வாள் இழுக்கும்போது அறுக்கும். அதனால் தகடு கடதாசி மாதிரி மெல்லிசாக இருக்கலாம், அறுப்புக் கோடும் அவ்வளவு ஒடுக்கமாக விழும். "முதிரையில் போட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். அவர் என் துண்டை வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டு, "வேணாம் தம்பி, பல்லுப் போயிரும். இது அவங்கட மெது மரத்துக்குச் செஞ்ச பல்லு. தேக்கெண்டாலும் பரவாயில்ல" என்றார். விற்க வந்தவர் வாங்க வேண்டாம் என்று சொல்கிறார். நான் அவரிடம் வேறொன்றாவது வாங்க வேண்டும் என்று நினைத்து ஒரு பழைய மூலைமட்டம் 1,500 ரூபாவுக்கு எடுத்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு பக்கமும் கோடு போட்டுச் சரி பார்த்தேன். கோணம் பிசகவில்லை.

பதினொரு மணியளவில் மைதானத்தில் யாரோ பெரிய பிளேனரை ஓட்டப்போய், முழு மண்டபத்துக்கும் கரண்ட் போனது. மின்விசிறியும் நின்றது. தகரத்தின் கீழே கச்சான் சூடு. முக்கால் மணித்தியாலம் எல்லோரும் நுழைவுச் சீட்டால் விசிறிக்கொண்டிருந்தோம். இத்தனை இயந்திரம் ஓட்டும் இடத்துக்கு ஒரு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்திருக்க வேண்டும்.

கரண்ட் வந்த பிறகுதான் கைக்கருவிப் பக்கம் போனேன். சுவரோரமாக மூன்று கடைகள் மட்டும்தான். ஒவ்வொன்றிலும் ஒரு மேசை, அதில் பைன் பலகை இறுக்கியிருந்தது. இறக்குமதிச் சாமான் வரும் பெட்டிகளிலிருந்து கழற்றிய பலகை. விற்பனைப் பெடியன் சீவுளியை வைத்து ஒரு தள்ளுத் தள்ளுவான். வெளிச்சம் ஊடுருவும் மெல்லிய சீவல் சுருண்டு வரும். சுற்றி நிற்பவர்கள் அதைக் கையில் எடுத்துப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள். பைனில் எந்த அலகும் அப்படித்தான் ஓடும். 6,500 ரூபாச் சீவுளியும் அதே சீவல், 21,500 ரூபாச் சீவுளியும் அதே சீவல். பார்த்து நிற்பவருக்கு எப்படி வித்தியாசம் தெரியும்?

முதிரைத் துண்டை வெளியே எடுத்தேன். முதல் கடைப் பெடியன், "அண்ணே, அலகு மழுங்கிரும்" என்று கையை மேலே வைத்து மறைத்துக்கொண்டான். இரண்டாவது கடையில் ஆளில்லை, ஜும்ஆவுக்குப் போய்விட்டார்கள். மூன்றாவது கடைக்காரர் மொரட்டுவைச் சிங்களவர், அளவான தமிழில் "போடுங்க, போடுங்க" என்று இடம் விட்டார். முதலில் விலை குறைந்ததை ஓட்டினேன். இரண்டாம் தள்ளிலேயே மரம் பிய்ந்து செதில் செதிலாக வந்தது. பிறகு ஸ்டான்லி கொம்பனியின் நான்காம் நம்பர்ச் சீவுளியை ஓட்டினேன். அது கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் அதுவும் ஓரிடத்தில் பிய்த்தது.

முதிரைக்கு அந்தக் குணம் இருக்கிறது. நார் ஒரு பட்டையில் இந்தப் பக்கம் சாய்ந்தால் அடுத்த பட்டையில் அந்தப் பக்கம் சாயும். வெளிச்சத்தில் பிடித்தால் பட்டுச்சேலை போல வரிவரியாக மின்னுவதும் அதனால்தான். எந்தத் திசையில் சீவினாலும் பாதி நாருக்கு எதிராகத்தான் சீவ வேண்டியிருக்கும்.

பகல் சாப்பாட்டுக்குப் பந்தலுக்கு வெளியே பெண்கள் குழுவொன்று சோற்றுப் பார்சல் விற்றது. மீன் குழம்பு, பூசணிக்காய், பருப்பு, முருங்கையிலை வறை, பொரித்த மிளகாய், 450 ரூபா. ஆயிரம் ரூபாத் தாளுக்குச் சில்லறை இல்லையென்றதும் அந்த அக்கா, "மறுகா தாங்க தம்பி, எங்க போகப் போறீங்க" என்று பார்சலைக் கையில் திணித்துவிட்டார். முன்பின் தெரியாத ஆள் நான். மாலையில் தேடிப்போய்க் கொடுத்தேன். அவர் அதை மறந்தே போயிருந்தார்.

சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது மொரட்டுவைக்காரரின் மேசையருகே வெள்ளைத் தொப்பியோடு ஒரு பெரியவர் நின்று, நான் விட்டுப்போன முதிரைத் துண்டைத் தடவிக்கொண்டிருந்தார். காத்தான்குடியில் பட்டறை வைத்திருப்பவர். கடைக்காரர் அவரை ஹாஜியார் என்று கூப்பிட்டார், நானும் அப்படியே கூப்பிட்டேன். "இது உங்கட துண்டா? நல்ல பழைய மரம்" என்றார். பிறகு கேட்காமலே ஸ்டான்லியை எடுத்து மேல் பூட்டைத் திறந்து அலகை வெளியே எடுத்தார். அலகின் முதுகில் ஒரு தகடு பூட்டியிருக்கும். அந்தத் தகட்டின் நுனி அலகின் வெட்டு முனையிலிருந்து இரண்டு மில்லிமீற்றர் பின்னால் இருந்தது. திருகைத் தளர்த்தி, பெருவிரல் நகத்தால் தள்ளித் தள்ளி, அரை மில்லிமீற்றருக்கும் கிட்டக் கொண்டுவந்து இறுக்கினார். இரண்டுக்கும் நடுவில் ஒளி தெரிகிறதா என்று யன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். திரும்பப் பூட்டி, அடித்தட்டில் ஒரு துளி எண்ணெய் தடவுவதுபோல் விரலால் தடவி, ஒரே தள்ளாகத் தள்ளினார்.

பிய்யவில்லை. சீவல் சுருளாமல் நேராக எழும்பி வந்தது. தகடு முனைக்குக் கிட்ட இருந்தால் சீவல் கிளம்பும்போதே மடிந்து ஒடிந்துவிடும், நாரைக் கூட இழுத்துக்கொண்டு போக அதற்கு நேரம் கிடைக்காது. இந்த அமைப்பு ஒன்றும் புதிதில்லை. லெனார்ட் பெய்லி என்ற அமெரிக்கர் 1860களில் காப்புரிமை எடுத்த இரும்புச் சீவுளி, ஸ்டான்லி அதை 1869இல் வாங்கியது, இன்றைக்கு உலகம் முழுக்க வரும் இரும்புச் சீவுளிகள் பெரும்பாலும் அதன் வழிதான். ஆனால் அதைப் பெட்டியிலிருந்து எடுத்தபடியே மேசையில் வைத்து விற்கிறார்கள். எந்த மரத்துக்கு எப்படிப் பூட்ட வேண்டும் என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

இதை நான் வலுவாகவே சொல்ல வேண்டும். நம் நாட்டில் நடக்கும் கருவிக் கண்காட்சியில் ஒவ்வொரு மேசையிலும் முதிரை, பாலை, தேக்கு என்று ஒவ்வொரு துண்டு இறுக்கி வைக்க வேண்டும். விற்கும் பெடியனுக்கு அதில் ஓட்டிப் பழக்க வேண்டும். தேக்குக்குள் சிலிக்கா இருக்கிறது, அலகு எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை அது அரை மணித்தியாலத்தில் காட்டிக்கொடுத்துவிடும். ஓடாவி ஒரு மாதச் சம்பாத்தியத்தைக் கொடுத்து வாங்குகிற சாமானை, அவன் வாழ்நாளில் தொடாத பைனில் காட்டி விற்பது நியாயமில்லை. வாசலில் வைத்திருந்த கருத்துப் புத்தகத்திலும் இதையே எழுதினேன்.

"அவசரப்படாம நாளைக்கு எங்கட பட்டறைக்கு வாங்க. பார்த்திட்டு மறுகா வாங்கலாம்" என்றார் ஹாஜியார்.

யூலை 19, சனி: காத்தான்குடி, ஆரையம்பதி

கல்லடியிலிருந்து காத்தான்குடிக்கு பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். ஊருக்குள் நுழைந்ததும் வீதியின் நடுவே வரிசையாகப் பேரீச்ச மரங்கள். இரண்டு பக்கமும் புடவைக் கடைகள். ஹாஜியார் பட்டறை ஒரு ஒழுங்கைக்குள், வீட்டுக்குப் பின்னால். தகரக் கூரை, கீழே மண்தரை.

இரண்டு பேர் தேக்குக் கட்டில் ஒன்றுக்குக் கால் பொருத்திக்கொண்டிருந்தார்கள். இன்னொருவர் முதிரை அறுத்துக்கொண்டிருந்தார், முகத்தில் துணி இறுகச் சுற்றியிருந்தது. முதிரைத் தூள் சிலருக்குத் தோலைக் கொப்புளமாக்கும். எனக்கும் கழுத்தில் வரும். "எனக்கு நாப்பது வருஷமா வருது, இன்னும் பழகல்ல" என்றார் ஹாஜியார். வேலை பழகிய பெடியன்கள் கட்டாருக்கும் சவூதிக்கும் போய்விட்டார்கள், இப்போது இருப்பவர்களில் இளையவருக்கே நாற்பது வயது என்று சொன்னார். சொல்லும்போது குரல் தாழ்ந்தது.

சுவரில் உளிகள் வரிசையாகத் தொங்கின. அவற்றில் பாதிக்கு மேல் எந்தப் பெயரும் இல்லை. கறுப்பான, கனத்த உளிகள். ஒன்றை எடுத்து என் முதிரையில் வைத்துக் கொட்டான் என்னும் மரச் சுத்தியலால் தட்டினேன். ஒவ்வொரு தட்டுக்கும் கால் அங்குலம் இறங்கியது. முனையை நகத்தில் வைத்துப் பார்த்தேன், மழுங்கவேயில்லை. கண்காட்சியில் 9,000 ரூபா சொன்ன உளித் தொகுதியில் ஒன்றை நேற்று இதே துண்டில் தட்டியபோது நாலாவது அடியிலேயே முனை மடிந்தது. "இது எங்கே வாங்கினது ஹாஜியார்?" "வாங்கல்ல. ஆரையம்பதிப் பக்கம் ஒரு கொல்லர் இருக்கார். லொறி வில்லுத் தகட்டில அடிச்சுத் தாறார்."

பகல் சாப்பாட்டுக்கு விடமாட்டேன் என்றார். "மாடு சாப்பிடுவீங்களா தம்பி? இல்லாட்டி கோழி சமைக்கச் சொல்றன்" என்று முதலிலேயே கேட்டுவிட்டார். நான் கோழி என்றேன். வீட்டு முன்விறாந்தையில் பாய் விரித்து, சோறு, கோழிக் கறி, கத்தரிக்காய்ப் பிரட்டல், மாசிச் சம்பல், கடைசியில் வட்டிலப்பம். அவர் மகன் கை கழுவத் தண்ணீர் ஊற்றினார். என் தட்டில் சோறு குறையக் குறைய ஹாஜியார் கேட்காமல் வைத்துக்கொண்டேயிருந்தார்.

மூன்று மணிக்கு அவர் மகனின் மோட்டார் சைக்கிளில் ஆரையம்பதிக்குப் போனோம். கொல்லர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உலையின் முன்னால் இருந்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் பழைய வில்லுத் தகட்டுத் துண்டு ஒன்றை எடுத்துத் தீக்குள் வைத்தார். வில்லுத் தகட்டு இரும்பில் கரி கூட, அதனால்தான் அது வளைந்து திரும்புகிறது, அதனால்தான் பதம் வைத்தால் முனையும் நிற்கிறது. செஞ்சூட்டில் எடுத்து அடித்து முக்கால் அங்குலத் துளையுளியாக நீட்டினார். மாமியார் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருந்த அவருடைய உதவியாள் சம்மட்டியைக் கீழே வைக்காமல் கடைசிவரை நின்றார். பிறகு அரத்தால் வடிவம், பிறகு திரும்பச் சூடாக்கி எண்ணெயில் முக்கினார். புகை அடங்கியதும் முனையை உரசு கல்லில் தேய்த்து வெள்ளையாக்கி, தணலுக்கு மேல் காட்டினார். "இப்ப பாருங்க" என்றார். வெள்ளை முனையில் மெல்ல மஞ்சள் ஏறியது. வைக்கோல் நிறம் வந்த கணமே தண்ணீரில் போட்டார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஊதாவுக்குப் போய் உளி மெதுவாகிவிடும். முந்தியே எடுத்திருந்தால் முதிரையில் முனை சில்லுச் சில்லாக உடையும். அவரிடம் வெப்பமானி கிடையாது. கண்தான்.

அங்கேயே முதிரையில் தட்டிப் பார்த்தேன். பட்டறை மூலையில் இருந்த மண்ணெண்ணெய் டப்பா மேல் துண்டை வைத்துக்கொண்டு முக்கால் அங்குல ஆழத்துக்கு ஒரு துளை எடுத்தேன். முனை அப்படியே நின்றது. விலை 2,800 ரூபா. இன்னும் இரண்டு உளிக்குச் சொல்லிப் பாதிப் பணம் கொடுத்தேன், அரை அங்குலம் ஒன்று, கால் அங்குலம் ஒன்று.

இருட்டுவதற்குள் கண்காட்சிக்கு ஓடினேன். மொரட்டுவைக்காரர் என்னைக் கண்டதும் சிரித்தார். அவருடைய மேசையில் பைன் பலகைக்குப் பக்கத்தில் ஒரு தேக்குத் துண்டு இறுக்கியிருந்தது. காலையில் மரக்காலைக்குப் போய் வாங்கி வந்தாராம். ஸ்டான்லி நான்காம் நம்பரை 19,800க்குத் தந்தார். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போன பிறகு இறக்குமதிக் கருவி எதுவும் பழைய விலைக்குத் திரும்பி வரவில்லை, எனவே அதற்கு மேல் பேரம் பேச எனக்கு மனமில்லை. தீட்டுவதற்கு ஒரு பக்கம் 400, மறுபக்கம் அதைவிட நுண்மையான 1000 என்று உள்ள வைரத் தகடு ஒன்று 4,200 ரூபா. நம் எண்ணெய்க்கல் நடுவில் குழிந்துவிடும், அப்புறம் அலகும் வளைவாகத்தான் தீட்டுப்படும். வைரத் தகடு குழியாது.

யூலை 20, ஞாயிறு: குசினி யன்னல்

காலையில் பெரியம்மாவின் யன்னல் கதவைக் கழற்றி முற்றத்தில் இரண்டு ஸ்டூலுக்கு மேல் வைத்தேன். வேம்பு. வருடா வருடம் பூசிய பெயின்ற் ஓரத்தில் திரைதிரையாகத் தடித்திருந்தது. முதலில் அதைச் சுரண்டி எடுத்தேன், பெயின்றில் சீவுளியை ஓட்டினால் அலகுதான் கெடும். அலகை வைரத் தகட்டில் தீட்டி, ஹாஜியார் செய்தபடி மேல் தகட்டை முனைக்குக் கிட்ட வைத்துப் பூட்டினேன். வேம்பும் நார் மாறி ஓடும் மரம். கணுவைச் சுற்றியும் பிய்க்காமல் சீவிக்கொண்டு போனது. இப்போது மரம் நன்றாகக் காய்ந்திருக்கிறது. வாடைக்காற்றோடு மாரி வந்தால் ஊதும். அதனால் இன்றைக்குச் சாத்துப்படும் அளவுக்கு மேல் இன்னும் ஒரு மில்லிமீற்றர் எடுத்துவிட்டேன். சீவிய ஓரத்துக்குப் பெயின்ற் பூசும்படி பக்கத்து வீட்டுத் தம்பியிடம் சொல்லிவைத்தேன், வெறும் ஓரமாக விட்டால் மழையில் தண்ணீர் குடிக்கும்.

பெரியம்மா யன்னலைத் திறந்து சாத்தி, திறந்து சாத்திப் பார்த்தார். பிறகு உள்ளே போய் அலுமாரிக் கதவும் இறுகுது மனே என்றார். அதையும் கழற்றினேன்.

திரும்பும் பஸ்ஸில் கருவிப் பொதிக்கு நடத்துநர் 200 ரூபா தனியாகக் கேட்டார், கொடுத்தேன். பெரியம்மா கட்டித்தந்த தயிர்ச் சட்டிகளை மடியிலேயே வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் ஏறாவூர்க்காரர், கதுருவெலையில் கதவு வேலைக்குப் போகும் ஓடாவி. பொதியைப் பார்த்ததும் கண்காட்சிக்குப் போனீர்களா, என்ன விலை, எது நல்லது என்று கேட்கத் தொடங்கினார். நான் சொல்லச் சொல்லக் கையை நீட்டினார். துளையுளியைத் துணி பிரித்துக் கொடுத்தேன். பிடியில்லாத உளியை உள்ளங்கையில் வைத்துப் பாரம் பார்த்தார், முனையை நகத்தில் இழுத்துப் பார்த்தார், சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"அந்தக் கொல்லர்ர இடத்தைச் சொல்லுங்க தம்பி. காத்தான்குடி தாண்டி எந்த ஒழுங்கை?"